பாட்டு கேட்கவே போன கூட்டம்: காவிரி டெல்டாவின் ஆரம்பகால சினிமா பற்றிக் கேள்வி பதில்

திருச்சி வாசகர்: நம்ம ஊரில் சினிமா எப்படி ஆரம்பித்தது ஐயா?

ரயில்வேயிலிருந்துதான் தம்பி. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். வேலையை உதறிவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்க் காட்டினார். இங்கே படம் எடுக்க ஆள் வருவதற்கு முன்பே படம் பார்க்க ஆள் சேர்ந்துவிட்டது. பின்னால் நடந்த பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

கும்பகோணம் வாசகர்: பழைய படங்களில் ஏன் அத்தனை பாட்டு? தாத்தா சொல்லச் சொல்ல நம்பவே முடியவில்லை.

தாத்தா சொன்னது நிஜம். 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டு என்பார்கள். அது ஏற்கெனவே மேடையில் பெயர் வாங்கிய நாடகம். ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது பல ஊர் நடிகர்கள் ஓரிரவுக்காகச் சேர்ந்து போடும் நாடகத்தில், ராஜபார்ட் என்ற கதாநாயக நடிகர் ஒரு விருத்தப் பாட்டை முடித்ததும் கொட்டகை முழுக்க 'ஒன்ஸ்மோர்' கேட்கும், அவரும் திரும்பப் பாடுவார். கதையில் அடுத்து என்ன என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காசு கொடுத்தது குரலுக்கு. அந்த ஜனங்களிடம் பாட்டில்லாத படத்தை நீட்டினால் யார் வருவார்கள்?

தமிழின் முதல் பேசும்படமான 1931-ன் 'காளிதாஸ்' இதைவிடப் பெரிய அத்தாட்சி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர், தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். நடுவே தியாகராஜர் கீர்த்தனை, தேசியப் பாட்டு. கதைக்கும் இவற்றுக்கும் ஒட்டே இல்லை, ஆனாலும் கூட்டம் அலைமோதியது. பாமரர் ரசனை என்று சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து காசு கொடுத்த கூட்டம் அது.

மயிலாடுதுறை வாசகர்: படமெடுத்தது பம்பாயிலும் கல்கத்தாவிலும். நம் ரசனை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

1934 வரை சென்னையில் பேசும்பட ஸ்டூடியோ கிடையாது. நடிகர்கள் பக்கவாத்தியக்காரர்களோடு ரயிலேறிப் போனார்கள். பம்பாய் முதலாளிக்குத் தமிழ் தெரியாது, வசூல் தெரியும். எந்தக் குரலுக்குக் கூட்டம் சேரும் என்று கொட்டகைக்காரர்கள் சொன்னார்கள், அந்தக் குரலைத் தேடிப் பிடித்தார்கள். உங்கள் மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரும், பாபநாசத்து இயக்குநர் கே. சுப்பிரமணியமும், பாட்டெழுதிய பாபநாசம் சிவனும் இப்படித்தான் அந்தத் தொழிலுக்கே தூணானார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரப் புகழை நம்பி, 1940-ல் 'காளமேகம்' படத்தில் அவரையே கதாநாயகனாகப் போட்டார்கள்!

மன்னார்குடி வாசகி: பெண்கள் கொட்டகைக்குப் போனார்களா?

போனார்கள் அம்மா. புராணப் படங்கள் அவ்வளவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'சாமி படம்' என்றால் வீட்டில் தடை சொல்ல முடியாது. பெண்களுக்குத் தனிப்பக்கம், நடுவே தடுப்பு.

திருவாரூர் வாசகர்: கிராமங்களில்?

டூரிங் டாக்கீஸ்தான், ஊர் ஊராகப் போகும் கூடாரக் கொட்டகை. சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் தை, மாசிக்குப் பிறகு நல்ல வசூல். ஐப்பசி மழையில் ஈரத்தரையில் யார் உட்காருவார்? ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு பாகம் முடிந்ததும் விளக்கு போட்டு, அடுத்த சுருளை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் முறுக்கும் கடலை மிட்டாயும் விற்றுத் தீரும். தரை டிக்கெட்காரர் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்.

தஞ்சாவூர் வாசகர்: பாட்டு எப்போது குறைந்தது?

இரண்டாம் உலகப் போரில் பிலிம் கிடைக்கவில்லை. படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு வைத்தது. எண்ணிக்கை குறைந்ததே தவிர ஆசை குறையவில்லை. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அதன்பின் ஜனங்களின் காது வசனத்துக்குத் திரும்பியது. திருக்குவளை கருணாநிதி எழுதிய 'பராசக்தி' வசனத்தை 1952-க்குப் பிறகு மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் ஏராளம்.

நாகப்பட்டினம் வாசகர்: பாட்டியின் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லேமினேட்டும் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். கதைச் சுருக்கம் பாதியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் பக்கத்தைப் பாருங்கள். டிக்கெட் வாங்கவைக்கும் தந்திரம் அது! ஈரம் படாத இடத்தில் தட்டையாக அடுக்கி வையுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள்.