அடைக்கோழி ராத்திரியில் எழுந்து நின்றால் கூடையைப் பாருங்கள்

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் நாட்டுக்கோழியை 14 முட்டையில் அடை வைத்தோம். 12 நாள் ஒழுங்காகக் கிடந்தது. இப்போது ராத்திரியில் கூடையை விட்டு இறங்கி நிற்கிறது. கொண்டை வெளுத்துவிட்டது, ஆளும் மெலிந்துவிட்டது. பனிக்குளிர் தாங்கவில்லை என்று மாமியார் சொல்கிறார். முட்டையைக் காப்பாற்ற முடியுமா? கோழி பிழைக்குமா?"

சகோதரி, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது "ராத்திரியில்" என்ற சொல்தான். குளிர் கூடினால் அடைக்கோழி இறக்கையை இன்னும் விரித்து, முட்டையோடு ஒட்டித்தான் படுக்கும். எழுந்து போகாது. பகலில் கிடந்துவிட்டு இருட்டினதும் இறங்கி நிற்கிறது என்றால், இருட்டில் அதை ஏதோ கடிக்கிறது. பெரும்பாலும் அது சிவப்புச் செள்ளாகத்தான் இருக்கும்.

இந்தச் செள்ளு பகலில் கோழியின் மேல் இருக்காது. கூடையின் பின்னல், பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். இரவில் ஊர்ந்து வந்து இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் இறகைப் பிரித்துப் பார்ப்பவர்கள் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். மற்றக் கோழிகள் வளையிலோ மரத்திலோ மாறி மாறி ஏறும். அடைக்கோழிக்கோ 21 நாளும் ஒரே இடம். அதன் உடம்புச் சூடும் அங்கேயே இருக்கிறது. செள்ளுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

நீங்கள் வைத்தது பழைய கொழுந்துக் கூடையா? நம் பக்கத்தில் பல வீடுகளில் அதுதான் அடைக்கூடை. கொழுந்து எடுக்க உதவாமல் இஸ்தோப்பு மூலையில் கிடந்ததைக் கோழிக்குக் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு பின்னலும் செள்ளுக்கு ஓர் அறை. போன முறை குஞ்சு இறக்கிய கூடையை வெந்நீர் ஊற்றாமல் திரும்பவும் வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்று இரவே பார்த்துவிடுங்கள். எட்டு ஒன்பது மணிக்கு, லைட்டை அணைத்துவிட்டு டோர்ச்சோடு போங்கள். கூடையின் விளிம்பிலும் முட்டையின் மேலும் மிளகுத்தூள் தூவினதுபோல் புள்ளிகள் இருக்கும். அவை நகரும். ஒரு வெள்ளைக் கடதாசியைப் பின்னலில் அழுத்தித் தேய்த்து எடுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அது உங்கள் கோழியின் இரத்தம். உங்கள் கையிலும் ஏறிக் கடிக்கலாம், அரிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், கையை நன்றாகக் கழுவினால் போதும்.

கொண்டை வெளுத்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடை கிடக்கும் எந்தக் கோழிக்கும் கொண்டை கொஞ்சம் சுருங்கும், நிறம் மங்கும், எடையும் குறையும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே தின்கிறது! அதனால் கொண்டையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணின் கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள், வாயைத் திறந்தும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சமாளித்துவிடும். கடதாசிபோல் வெளுத்திருந்தால் இரத்தம் நிறையப் போய்விட்டது. அந்த நிலையில் கோழியை அடையில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். முட்டையை மறந்துவிட்டுக் கோழியைக் காப்பாற்றுங்கள்.

சரி, முட்டையைப் பார்ப்போம். சில மணி நேரம் ஆறினால் கரு செத்துவிடாது. கோழியே தினமும் கால் மணி, அரை மணி எழுந்து போய்வருகிறது. ஆனால் தை மாதத்து இரவு முழுக்க ஆறிக் கிடந்த முட்டையில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. இருந்தாலும் பார்க்காமல் எறியாதீர்கள். இருட்டு அறையில் டோர்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். 12 நாள் தாண்டிய உயிர்முட்டையில் மேலே காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும், கீழே இருண்டிருக்கும், ஓரத்தில் நரம்புகள் ஓடும், உள்ளே அசைவும் தெரியலாம். முழுக்க வெளிச்சமாக இருந்தால் அது கூமுட்டை. நரம்பே இல்லாமல் உள்ளே கலங்கி ஆடினாலோ இரத்த வளையம் மட்டும் நின்றாலோ கரு இறந்துவிட்டது. அவற்றை எடுத்து ஆழமாகப் புதையுங்கள். விட்டுவைத்தால் வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

உயிருள்ள முட்டை இருந்து, கோழிக்கும் தெம்பு இருந்தால் இன்றிரவே கூட்டை மாற்றுங்கள். பின்னல் கூடை வேண்டாம். இடுக்கு இல்லாத பிளாஸ்டிக் பேசினோ உறுதியான அட்டைப் பெட்டியோ போதும். அடியில் உலர்ந்த மண், அதன்மேல் காய்ந்த மானாப்புல். கோழியைத் தூக்குமுன் இரண்டு இறக்கைக்கும் அடியில் கையை விட்டுப் பாருங்கள். முட்டையை அக்குளில் இடுக்கி வைத்திருக்கும். தூக்கினவுடன் விழுந்து உடையும். இருட்டில் மாற்றினால் கோழி புது இடத்தை ஏற்றுக்கொள்ளும், பகலில் செய்தால் பழைய மூலைக்கே ஓடும்.

பழைய புல்லை உடனே எரித்துவிடுங்கள். கூடையையும் எரிப்பதே மேல். மனமில்லையென்றால் கொதிநீரை இரண்டு மூன்று தடவை ஊற்றி, நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். கூடை இருந்த மூலையின் சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பு அடித்து அடையுங்கள். பலகை இடுக்கில் மண்ணெண்ணெய் தடவலாம். கோழி மேலும் முட்டை மேலும் ஒரு துளிகூடப் படக்கூடாது, அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். மறைந்திருக்கும் செள்ளு முட்டைகள் பொரித்து வரும், ஆகவே ஏழு நாள் கழித்து ஒரு முறை, அதற்கும் ஏழு நாள் கழித்து இன்னொரு முறை.

இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். தேயிலைக்கு அடிக்கிற மருந்தை, காய்கறிக்கு அடிக்கிற மருந்தைக் கோழிக்கு அடிக்காதீர்கள். செள்ளோடு கோழியும் சாகும், முட்டையைத் தின்னும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. கோழிக்கென்றே தூவும் பொடி இருக்கிறது. அரச மிருக வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி, எது, எவ்வளவு, அதன்பின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று கேட்டு வாங்குங்கள். கீழ்நாட்டில் வேப்பிலை போடுவார்கள். நம் குளிருக்கு வேம்பு வருவதில்லை. நம்மிடம் இருப்பது சாம்பல். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை, அதாவது மிலாறை, எரித்த சாம்பலை நன்றாக ஆறவிட்டுச் சலித்து, உலர்ந்த மண்ணோடு கலந்து, தகரத்தின் கீழ் மழை படாத இடத்தில் ஒரு குழியில் போட்டுவையுங்கள். கோழி எழும்பும்போது அதில் புரண்டு குளிக்கட்டும். பேனை அது குறைக்கும். சுவரில் ஒளிந்த செள்ளுக்குச் சாம்பல் மட்டும் போதாது.

மாமியார் சொல்வதிலும் பாதி சரி. நம் குளிருக்கு 14 முட்டை அதிகம். சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழிக்கு எட்டு, மிஞ்சினால் ஒன்பது. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை ஆறும். கோழி அதை உள்ளே உருட்டும், உள்ளே இருந்தது வெளியே வந்து ஆறும், கடைசியில் எல்லாமே பழுதாகும். குளிர் என்று அடுப்பங்கரைப் புகைக்குள்ளும் கோழியை வைக்காதீர்கள், அதன் நுரையீரல் புகை தாங்காது. காற்று நேரே வீசாத, ஒழுகாத மூலை போதும். கீழே சில ஊர்களில் கோடையில் முட்டைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். நம் மூடுபனியில் அது வேண்டாம். இடி இடித்தால் முட்டை கெடும் என்று இரும்பும் கரியும் வைக்கும் வழக்கம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஐப்பசி இடிமழையில் முட்டையைக் கெடுப்பது சத்தமல்ல, தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர்.

தினமும் வெயில் ஏறினதும் ஒரு தடவை கோழியை எழுப்பி விடுங்கள். சோளம், அரிசிக் குறுநல், ஊறவைத்த பயறு, சுத்தமான தண்ணீர். பெரிதாக, நாற்றத்தோடு எச்சம் போடும். அடைக்கோழிக்கு அது இயல்பு. ஆனால் பச்சையாகக் கழிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கழுத்து முறுக்கினால் அது செள்ளு வேலை இல்லை, ரானிகேட் என்ற கோழிக் கொள்ளைநோயாக இருக்கலாம். தனியாக அடைத்துவிட்டு அன்றே வைத்தியருக்குச் சொல்லுங்கள். பக்கத்து லயத்துக் கோழிகளுக்கும் பரவும்.

முட்டை எல்லாம் போய்விட்டால் கோழி வெறும் கூட்டில் அடை கிடக்கப் பார்க்கும். அடை தெளிய மூக்கில் இறகு குத்துவது, குளிர்ந்த தண்ணீரில் முக்குவது இரண்டையும் செய்யாதீர்கள். இரத்தம் இழந்த கோழியை இந்தக் குளிரில் முக்கினால் விடியக் காலையில் விறைத்துக் கிடக்கும். அடியில் கம்பிவலை போட்ட கூட்டில், வெளிச்சமும் காற்றும் படும்படி, தீனியும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வையுங்கள். வயிற்றுக்கடியில் சூடு தங்காததால் தானாகத் தெளியும். அப்புறம் அவித்த முட்டை, உப்பில்லாத நெத்தலித் தூள், கீரை என்று கொடுத்துத் தேற்றுங்கள். நெஞ்செலும்பு கையில் கத்திபோல் தட்டுப்படுகிற நிலையில் அடுத்த அடைக்கு விடாதீர்கள். சதை மூடி, கொண்டை சிவந்து, ஒரு சுற்று முட்டையும் இட்ட பிறகு வையுங்கள். வைத்த நாளிலிருந்து வாரம் ஒரு இரவு டோர்ச்சும் வெள்ளைக் கடதாசியுமாகப் போய்ப் பாருங்கள்.