படிகத்தில் வலக்கை, இடக்கை: கேள்வி பதில்

பென்சோஃபீனோன் மூலக்கூறு கைரல் (வலக்கை, இடக்கை போலத் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாதது) இல்லையே, படிகம் மட்டும் எப்படிக் கைரல் ஆகிறது?

கரைசலில் அதன் இரு பென்சீன் வளையங்களும் இரு பக்கமும் மாறி மாறி முறுக்கிக்கொள்ளும். படிகத்தில் ஒரே பக்க முறுக்கு நிலைத்துவிடுகிறது. படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்படும் 230 சமச்சீர் வகைகளில் (ஸ்பேஸ் குரூப்) 65 மட்டுமே இப்படி ஒரே கையை ஏற்பவை. கரைத்தால் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே கரைசலைப் போலாரிமீட்டரில் (ஒளியின் முனைவுத்தளம் எவ்வளவு சுழல்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துப் பயனில்லை. படிகத்தைப் பொட்டாசியம் புரோமைடோடு அழுத்தி வில்லையாக்கி சிடி (வல, இட வட்ட முனைவொளியை உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டை அளக்கும் நிறமாலை) எடுங்கள். வில்லையை 90 பாகை திருப்பியும், புரட்டிப் போட்டும் மறுபடி எடுக்க வேண்டும். குறி மாறினால் அது கைரல்தன்மை அல்ல, இரட்டை ஒளிவிலகல் (திசைக்கேற்ப ஒளி வேறு வேகத்தில் செல்வது) செய்யும் கோளாறு.

1,1'-பைநாஃப்தைல் (இரு நாஃப்தலீன் வளையங்கள் இணைந்த சேர்மம்) உருகலைக் குளிர்வித்தால் வலமும் இடமும் கலந்தே வருகின்றன. என்ன செய்ய?

கிளறுங்கள். அசையாத உருகலில் பல இடங்களில் தனித்தனியாகப் படிகக் கரு தோன்றும்; ஒவ்வொன்றும் தன் போக்கில் கையைத் தேர்ந்துகொள்ளும். கிளறினால் முதல் படிகத்திலிருந்து உதிரும் துணுக்குகளே மற்றவற்றுக்கு விதையாகும். கோண்டெபுடி குழு 1999-இல் இதே பொருளில் காட்டியது இதைத்தான். உருகலில் மூலக்கூறு கை மாறிக்கொண்டே இருப்பதால் முழுவதும் ஒரு பக்கம் சாய முடிகிறது. வெப்பநிலையை 145-க்கும் 158 டிகிரி செல்சியஸுக்கும் இடையே வையுங்கள். 145-க்குக் கீழே போனால் இரு கையும் சேர்ந்த சுழிமாய்ப் படிகமும் முளைக்கலாம்.

எந்தக் கை வரும் என்பதை நாமே தீர்மானிக்கலாமா?

வேண்டிய கையின் விதைப் படிகத்தை இடுவதே நேர்வழி. முந்தைய தடவையின் தூசி குடுவையில் ஒட்டியிருந்தால் அதுவே விதையாகிவிடும், கவனம்.

இன்னொரு வழி எதிர்மறையானது. வைஸ்மன் நிறுவனத்தில் லாஹவ், லைசெரோவிட்ஸ், அடாடி கண்டது: படிகமாகும் பொருளை ஒத்த இடஞ்சுழிச் (இடக்கை) சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தால், அது இடஞ்சுழிப் படிகத்தின் முகங்களில் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கும், வலஞ்சுழிதான் வெளியே வரும். சேர்த்த கையே வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

என் சேர்மம் தானாகவே இரண்டாகப் பிரியும் வகையா என்று எப்படி அறிவது?

தூய இனன்சியோமருக்கும் (ஒரே கை மட்டும் உள்ள வடிவம்) சுழிமாய்க் கலவைக்கும் (இரு கையும் சம அளவு) பவுடர் எக்ஸ்ஆர்டி (தூளில் எக்ஸ் கதிர் சிதறும் கோடுகளைப் பதிவது) எடுங்கள். கோடுகள் ஒன்றாக இருந்து, கலவை குறைந்த வெப்பத்தில் உருகினால், பிரியும் வகை. வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்: பாஸ்டர் 1848-இல் பிரித்த சோடியம் அம்மோனியம் டார்டரேட் சுமார் 27 டிகிரிக்குக் கீழேதான் பிரியும்.

விதையிட்டும் தூய்மை குறைகிறதே?

வடிகட்டத் தாமதித்திருப்பீர்கள். வேண்டிய கை வெளியேறியதும் கரைசலில் எதிர்க்கை மிகுந்து, அதுவும் படியத் தொடங்கும். முன்பே வடித்து, எடுத்த எடைக்குச் சமமாகச் சுழிமாய்க் கலவை சேர்த்து, முழுதும் தெளியச் சூடாக்கிக் குளிர்வியுங்கள். இம்முறை எதிர்க்கை விதையை இட வேண்டும்.