அமெரிக்க பேஸ்பால் வீரர் மைக் ட்ரௌட் 2011-லேயே அறிமுகமானார். பிறகு 2012-ல் அவருக்குப் புதுமுக வீரர் விருது கிடைத்தது எப்படி?

அமெரிக்க பேஸ்பாலில் 'ரூக்கி', அதாவது புதுமுகம், என்றால் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் இன்னும் போதிய அளவு ஆடாதவர். அந்த அளவு அப்போது இப்படி இருந்தது: முந்தைய சீசன்களில் 130 'அட்-பேட்'டை (கணக்கில் சேரும் மட்டை வாய்ப்பு) தாண்டியிருக்கக் கூடாது, செப்டம்பர் நீங்கலாக 45 நாளுக்கு மேல் அணிப்பட்டியலில் இருந்திருக்கவும் கூடாது.

அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் 2009 தேர்வில், ட்ரௌட்டை ஏஞ்சல்ஸ் அணி 25-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. தேர்வானதும் நேராகப் பெரிய மேடை கிடைப்பது அபூர்வம். கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் படிப்படியாக ஏற வேண்டும். 2011 ஜூலை 8-ல், 19 வயதில் மேலே வந்தார். 40 ஆட்டங்களில் 27 ஹிட் (அடித்துவிட்டு பேஸை அடைவது); ஹிட்டை அட்-பேட்டால் வகுத்த சராசரி .220. சுமார்தான். நடுவில் மைனர் லீக் அணியான ஆர்கன்சாவுக்குத் திருப்பியும் அனுப்பப்பட்டதால், 45 நாள் வரம்பும் தாண்டவில்லை.

இங்கேதான் நுணுக்கம். அவர் மட்டையோடு நின்றது 135 முறை. ஆனால் 'வாக்' (நான்கு தவறான பந்துகளுக்கு இலவசமாக முதல் பேஸ்) கிடைத்தாலோ உடம்பில் பந்து பட்டாலோ அது அட்-பேட் ஆகாது. இப்படிப்பட்டவற்றைக் கழித்தால் 123. ஏழு குறைவு! 2012 ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தவர் .326 சராசரி, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) என்று ஆட, விருது ஒருமனதாகக் கிடைத்தது.

எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல: சாலை நிஜம்தான், கணக்கில் நீங்கள் இன்னும் பழகுநர்.

ரூக்கி என்றால் வயதில் சின்னவர் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் ஜப்பானில் ஒன்பது சீசன் ஆடிவிட்டு வந்த இச்சிரோ, 2001-ல் 27 வயதில் இதே விருதை வாங்கினார்.