படர்தாமரை மாத்திரையால் ஆண் ஹார்மோன் குறையுமா?

கேள்வி: வயது 32. படர்தாமரைக்காக மூன்று வாரமாகத் தினமும் கீட்டோகோனசோல் 200 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன், அதே மருந்துள்ள ஷாம்புவும் தேய்க்கிறேன். மாலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் குறைவாக வந்தது. ஈடுகட்ட ஊசி போடலாம் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். குழந்தைக்கு முயற்சி செய்துவருகிறோம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விந்தகத்தில் உள்ள லீடிக் செல்கள் கொலஸ்ட்ராலைப் படிப்படியாக மாற்றி டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். கீட்டோகோனசோல் பூஞ்சையின் நொதியை முடக்க வந்த மருந்துதான்; ஆனால் அதே சாயலில் நம் விந்தகத்திலும் ஒரு நொதி இருப்பதால் அதையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பிடி நிரந்தரமில்லை. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் இறங்கும் அளவு, ரத்தத்தில் மருந்து வடிந்ததும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், பழையபடி ஏறிவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு, இந்த ஹார்மோனை அடக்குவதற்காகவே தினமும் 1,200 மி.கி. வரை கொடுத்த காலம் உண்டு. நீங்கள் எடுப்பது அதில் ஆறில் ஒரு பங்கு.

ஷாம்புவைப் பற்றி வீண் கவலை வேண்டாம். தலையில் தேய்த்துச் சில நிமிடத்தில் அலசிவிடும் மருந்து ரத்தத்தில் கலப்பதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. க்ரீமும் அப்படித்தான். வாரத்துக்கு இரண்டு முறை தேய்த்தாலும், மாதக்கணக்கில் தேய்த்தாலும் விந்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கேட்டு வரும் கடிதங்கள் ஏராளம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஊசிக்கு வருவோம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், 'போதும்' என்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடும். விந்தகம் தயாரிப்பை நிறுத்தும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் போகலாம். ரத்த ரிப்போர்ட்டில் மட்டும் எண் அழகாக இருக்கும்! ஊசியை விட்டபிறகும் விந்தணு திரும்பப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். தாடி, தசை என்று ஆசைகாட்டி ஊசியும் 'பூஸ்டர்' டப்பாவும் விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. குழந்தை வேண்டும் என்று சொன்னவரிடமே விற்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாலையில் எடுத்த பரிசோதனையும் செல்லாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்க்க வேண்டும். 'முழு உடல் பேக்கேஜ்' விற்கும் ஆய்வகங்கள் எந்த நேரமானாலும் ரத்தம் எடுத்து, சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகின்றன.

எனக்கு உண்மையான கவலை உங்கள் கல்லீரல். அந்த ஆபத்துக்காகவே இந்த மாத்திரையின் பயன்பாட்டை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-ல் கடுமையாகக் குறைத்தது. இத்தனை வருடம் கழித்தும் தோல் தொற்றுக்கு இதையே எழுதிக்கொடுக்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டினால் கடையிலும் கேள்வியில்லாமல் கிடைக்கிறது. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போய், டெர்பினாஃபின் போன்ற வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். கல்லீரல் பரிசோதனையும் எழுதித்தரச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தி ஓரிரு வாரம் கழித்துக் காலையில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். இதற்குள் ஒரு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது தெரியாமல் அந்த ரிப்போர்ட்டை யாராலும் சரியாகப் படிக்க முடியாது.