அந்த டிக்கெட் அந்த வண்டிக்கு மட்டும்தாங்க

இந்த வாரம் வந்ததுல முக்காவாசி ரயில் டிக்கெட் சமாச்சாரம்தான். லீவு முடிஞ்சு எல்லாரும் ஊர் திரும்புற நேரம். கடிதங்கள சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: ஏற்காட்டுல இருந்து இறங்குறப்ப வளைவுல லாரி நின்னுடுச்சு, ஒன்றரை மணி நேரம் அசையல. சேலம் ஜங்ஷன் வர்றதுக்குள்ள கோவை எக்ஸ்பிரஸ் போயிடுச்சு. அதே டிக்கெட்ல அடுத்த வண்டி ஏறலாமாக்கா?

பதில்: ஏறக்கூடாது தம்பி. ரிசர்வேஷன் டிக்கெட்ல இருக்கிற தேதி, வண்டி நம்பர், பேரு மூணுக்கும்தான் அது செல்லும். அடுத்த வண்டில அத காட்டினா டிக்கெட் இல்லாத கணக்குதான், கட்டணத்தோட குறைஞ்சது 250 ரூபா அபராதம் வரும். கவுண்டர்ல புதுசா சாதா டிக்கெட் எடுத்து பொதுப் பெட்டில போங்க. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு அது, லீவு நாள்ல ரெண்டு மணி நேரம் சேர்த்தே வச்சுக்கிட்டு கிளம்புங்க.

கேள்வி: சென்னைல படிக்கிற மகளுக்கு வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட சொல்லி கடைக்காரர்கிட்ட பணம் குடுத்தேன். வெள்ளி ராத்திரி அவ ஏறினப்ப டிக்கெட் செல்லாதுன்னுட்டாங்க, அபராதம் கட்டித்தான் போனா. அம்மாபேட்டைல இருந்து எழுதுறேன்.

பதில்: படிச்சதும் மனசு ரொம்ப கஷ்டமா போச்சுங்க. ராத்திரி நேரத்துல ஒரு பொண்ணு, டிக்கெட் பரிசோதகர் அவ செல்போன திருப்பி நீட்டி தேதிக்கு கீழ விரல வச்சு காட்டுறாரு, அவளுக்கு அப்பவும் என்ன தப்புன்னு புரிஞ்சிருக்காது. சேரனும் நீலகிரியும் கோவைல ராத்திரி கிளம்பினாலும் நம்ம சேலத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வருது. அதனால வெள்ளி ராத்திரி ஏற டிக்கெட்ல சனிக்கிழமை தேதி இருக்கணும். வெள்ளின்னு போட்டா அந்த வண்டி வியாழன் ராத்திரியே போயிருக்கும். இது உங்களுக்கு தெரியாம போனதுல தப்பே இல்ல, தினமும் டிக்கெட் போட்டு காசு வாங்குறவருக்கு தெரிஞ்சிருக்கணும். வெள்ளி ராத்திரின்னு நீங்க அனுப்பின வாட்ஸப்ப அழிச்சுடாதீங்க, அபராத ரசீதும் பத்திரம். முதல்ல அவர்கிட்டயே கேளுங்க, தரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க, அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் வரைக்கும் புகாருக்கு கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

கேள்வி: காலைல ஈரோட்டுக்கு எடுத்த சாதா டிக்கெட்ல சாயங்காலம் போனேன், புடிச்சுட்டாங்க. நியாயமா?

பதில்: நியாயம்தான். 199 கிலோமீட்டர் வரைக்கும் சாதா டிக்கெட் எடுத்தா 3 மணி நேரத்துக்குள்ள கிளம்பிடணும்.

கேள்வி: தீபாவளிக்கு வேற ஒருத்தர் பேர்ல இருந்த கன்ஃபார்ம் டிக்கெட்ட ஒரு கடைல ரெண்டு மடங்கு குடுத்து வாங்கினேன். யாரும் கேக்க மாட்டாங்கன்னாரு. கேட்டுட்டாங்க.

பதில்: இந்த வியாபாரத்த பத்தி நான் எழுதி எழுதி கை வலிக்குது. நானும் ஒரு பொங்கலுக்கு இப்படி வாங்கினவதான், 1800 ரூபா எண்ணி குடுத்தேன், சீட்ட பிரிச்சு பாத்தா ஆண், வயசு 61ன்னு இருக்கு. கடைக்காரர் "அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா"ன்னு அடுத்த ஆள கவனிக்க போயிட்டாரு, நான் கைக்குழந்தையோட பஸ்ல நின்னுக்கிட்டே போனேன், அந்தக் காசு இன்னைக்கு வரைக்கும் வரல. ரயில்வே சட்டம் 1989ல 143ஆவது பிரிவு இதுக்குன்னே இருக்கு, அனுமதி இல்லாம டிக்கெட் விக்கிற தொழில் பண்ணா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 வரைக்கும் அபராதம். ஆனா அவங்க மாட்டுறதுக்குள்ள ராத்திரி பெட்டில அவமானப்படுறது நாமதான், பேரு நம்மளது இல்லன்னு தெரிஞ்சே வாங்கினதால நம்ம பக்கம் பேசவும் வாய் இருக்காது. உங்கள ஏமாத்தினவர் மேல எனக்கு கோவம், உங்க மேல வருத்தம். ரயில்வே உதவி எண் 139க்கு புகார் குடுங்க, கடை இருக்கிற இடம், காசு அனுப்பின ஜிபே விவரம் எல்லாம் சேத்து குடுங்க, அடுத்த தீபாவளிக்கு இன்னொரு குடும்பமாவது தப்பிக்கட்டும்.

கேள்வி: ஆன்லைன்ல வெயிட்டிங் லிஸ்ட். ஏறிட்டு பேசிக்கலாம்னு ஸ்லீப்பர்ல ஏறினேன், இறக்கிவிட்டுட்டாங்க. காசு வருமா?

பதில்: சார்ட், அதாவது யாருக்கு எந்த சீட்டுன்னு கடைசி பட்டியல், போட்டும் வெயிட்டிங்லயே இருந்தா ஆன்லைன் டிக்கெட் தானா கேன்சல் ஆயிடும், சின்ன பிடித்தம் போக காசு கணக்குக்கு வந்துடும். அபராதம் கட்டினது வராது. "பேசிக்கலாம்"னு ஏறுறத மூணு வருஷமா வேண்டாம்னு சொல்லிட்டு இருக்கேன், இதே கேள்விய திரும்ப அனுப்பாதீங்க.

கேள்வி: வண்டி நாலு மணி நேரம் லேட்டு. பொறுக்க முடியாம சூரமங்கலத்துல இருந்து பஸ் புடிச்சு போயிட்டோம்.

பதில்: 3 மணி நேரத்துக்கு மேல லேட்டாகி நீங்க போகலன்னா முழுக் காசும் உங்களோடது. ஆனா வண்டி சேலத்த விட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே டிடிஆர், அதாவது காச திருப்பிக் கேக்குற விண்ணப்பம், போட்டிருக்கணும். பஸ்ல உக்காந்துக்கிட்டே போன்ல போடலாம், அஞ்சு நிமிஷ வேலை. போட்டீங்களான்னு நீங்க எழுதவே இல்ல.

கேள்வி: எனக்கு காய்ச்சல். என் டிக்கெட்ல தங்கச்சிய அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க, புள்ளைங்க, புருஷன் பொண்டாட்டி இவங்களுக்கு மட்டும் பேரு மாத்தி தருவாங்க, அதுவும் ஒரு தடவைதான். வண்டி கிளம்ப 24 மணி நேரம் முன்னாடியே டிக்கெட் பிரிண்டும் ரெண்டு பேரோட அடையாள அட்டையும் சொந்தம்னு காட்ட ரேஷன் கார்டும் எடுத்துக்கிட்டு ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டருக்கு யாரையாவது அனுப்புங்க. நீங்க படுத்து ரெஸ்ட் எடுங்க.