ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு மட்டை?

கேள்வி: அண்ணே, நேத்து ராத்திரி போன்ல பாரா ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப் பாத்தேன், எல்லாரும் உக்காந்துகிட்டே விளையாடுறாங்க, ஆளுக்கு ரெண்டு மட்டை வேற. எதுக்கு ரெண்டு?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஒண்ணு அடிக்க, ஒண்ணு தள்ளன்னு நெனச்சிராதீங்க தம்பி, ரெண்டுமே ரெண்டு வேலையும் பாக்கும். மட்டையோட ஒரு முனையில இரும்புப் பல்லு இருக்கும், அத ஐஸ்ல குத்திக் குத்தித்தான் ஸ்லெட்ஜ, அதாவது அவங்க உக்காந்திருக்குற சறுக்கு வண்டிய, நகத்துறாங்க, நம்ம கொள்ளிடத்துல ஓடக்காரர் கழிய ஊனித் தள்ளுவாரே கிட்டத்தட்ட அப்படி, பக், அதான் பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டு, கிட்ட வந்ததும் மட்டைய கையிலயே நழுவவிட்டு மறுமுனையால ஒரே போடு! கால்ல பாதிப்பு உள்ளவங்க ஆடுறது. ஸ்லெட்ஜுக்கு அடியில ரெண்டு பிளேடு, பக் புகுந்து போற அளவு சந்து. மோதுறதும் ரூல்ல உண்டு, பாவம் பாத்து யாரும் ஒதுங்க மாட்டாங்க. 1960கள்ல ஸ்டாக்ஹோம்ல ஒரு மறுவாழ்வு மையத்துல ஆரம்பிச்சது, பாராலிம்பிக்ல 1994லேந்து இருக்கு. 15 நிமிஷமா மூணு பீரியட். 2010லேந்து 2022 வரைக்கும் நாலு பாராலிம்பிக் தங்கமும் அமெரிக்காவுக்கே, அதுல 2018, 2022 ரெண்டு ஃபைனல்லயும் அடிவாங்குனது கனடா. நம்ம பக்கம் ஐஸ்னா நாகப்பட்டினம் மீன்பெட்டியில போடுறதுதான், அதனால இப்போதைக்கு போன்லயே பாருங்க.