பால்கனியில் வந்து விழுந்த ஆறுமணிக் குருவி: என்ன செய்யலாம்?

ஒரு வாசகர் இன்று காலை அவசரமாக எழுதியிருந்தார். அவர் வீட்டுப் பால்கனியில் ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. மைனாவை விடச் சின்னது, வாலே இல்லாதது போல இருக்கிறது, பச்சை முதுகு, அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கருப்புப் பட்டை. பக்கத்தில் போனாலும் பறக்கவில்லை. தண்ணீரும் ஊறவைத்த அரிசியும் வைத்தால் தொடவில்லை. கூண்டில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

கூண்டு வேண்டாம், அரிசியையும் எடுத்துவிடுங்கள். வந்திருப்பது ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் இப்படி வந்து உட்கார்ந்துவிடுகிற வலசைப் பறவைகளில் இதுதான் முக்கியமானது. பெரும்பாலும் இதற்கு நோய் எதுவும் இருக்காது, அலுப்புதான்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. எடை சுமார் 50, 60 கிராம்தான். இமய அடிவாரத்திலிருந்து புறப்பட்டது என்றால் 2000 கிலோமீட்டருக்குப் பக்கமாக வந்திருக்கும், அதுவும் இரவு இரவாக. தரையில் தத்தித் தத்தி இரை தேடவே பழகிய பறவை, நீளமான காலும் குட்டை வாலும் அதற்குத் தோதானவை, நெடுந்தூரம் பறப்பதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. காற்று திசைமாற்றும், ஊர் விளக்கு குழப்பும், விடிந்ததும் காகங்கள் விரட்டும், ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற மரத்தை நிஜ மரம் என்று நம்பிப் போய் மோதும். உங்கள் பால்கனிக்கு இதில் எந்த வழியாக வந்ததோ, இப்போது அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும்தான்.

ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள், செருப்புப் பெட்டி போதும். பக்கவாட்டில் நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். ஒரு மெல்லிய துணியைப் பறவையின் மேல் போட்டு, இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் லேசாக எடுத்துப் பெட்டிக்குள் விட்டு மூடுங்கள். எடுக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கித்தான் மூச்சு ஓடுகிறது, அதனால் விழுந்துவிடுமோ என்று நாம் இறுக்கிப் பிடிக்கிற பிடியே அதன் மூச்சை நிறுத்திவிடும். கைக்குள் அதன் இதயம் படபடவென்று அடிப்பது தெரியும். அது பயம். தடவிக் கொடுத்தால் குறையாது, கூடத்தான் செய்யும்.

அப்புறம், வாயைத் திறந்து சொட்டுத் தண்ணீர் விடுகிற வேலை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பறவையின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, நாம் ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். நல்ல மனதோடு தண்ணீர் கொடுத்து, அதனாலேயே போன பறவைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உணவும் இப்போதைக்கு வேண்டாம். இது புழு, பூச்சி தின்கிற பறவை, அரிசியை இரை என்றே நினைக்காது.

பெட்டியைக் குழந்தைகள், பூனை, மின்விசிறி இல்லாத ஓர் அறையில் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே புதரோ மரமோ இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். அறைக்குள்ளே திறந்தால் மறுபடியும் ஜன்னலில்தான் போய் மோதும். தெளிந்துவிட்டால் தானாக எழும்பிப் போகும். போகவில்லை என்றால் மூடிவிட்டு இன்னும் அரை மணி பொறுங்கள். மேலே தூக்கி எறிந்து பறக்கவைக்க வேண்டாம். இருட்டிய பிறகு கிடைத்த பறவையாக இருந்தால் விடியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இறக்கை தொங்குகிறது, ரத்தம் வருகிறது, இரண்டு மூன்று மணி நேரமாகியும் தலை நிமிரவில்லை என்றால் வனத்துறைக்கோ பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவருக்கோ உடனே சொல்லுங்கள். பூனை கவ்விய பறவை என்றால் வெளியில் காயமே தெரியாவிட்டாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், பூனையின் பல்லில் இருக்கிற கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். வீட்டில் வைத்து வளர்க்கலாமா என்று கேட்டால், கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். எல்லாம் முடிந்ததும் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மோதியது கண்ணாடியில்தான் என்று தெரிந்தால் அதன் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் பயனில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போய் மிச்சக் கண்ணாடியில் மோதும். வலசை வருகிற அக்டோபரிலும், திரும்பிப் போகிற மார்ச், ஏப்ரலிலும் மாடி விளக்கை ராத்திரியில் அணைத்துவைத்தால் நல்லது.

இது வந்து சேருகிற நேரத்தையும் கவனியுங்கள். வடக்கே பருவமழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும்போது இங்கே வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிறது, சருகு ஊறி, அடியில் மண்புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. அந்தச் சருகைத்தான் இது அலகால் புரட்டிப் புரட்டித் தின்னும். உங்கள் வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தால் ஒரு மூலையையாவது கூட்டாமல், எரிக்காமல், பூச்சிமருந்து அடிக்காமல் விட்டுவையுங்கள். விட்ட பறவை அங்கேயே தங்கிவிட்டால் கண்ணில் படுவது கஷ்டம், ஆனால் காலையிலும் சாயங்காலமும் ஆறு மணியை ஒட்டிப் புதருக்குள்ளிருந்து தெளிவாக ஒரு இரட்டை விசில் கேட்கும்.